பிளாக் ஃபாரஸ்ட் கேக்கா, கிண்ண அடுக்கா, பிஸ்கட் அடுக்கா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் பையைக் கழற்றி வைத்ததும் எங்கள் தருமபுரி வீட்டில் எழும் முதல் கேள்வி, கிறிஸ்துமஸுக்கு என்ன இனிப்பு என்பதுதான். அதிரசமும் முறுக்கும் மாமியார் கைவரிசை. அதில் வேறு யாரும் தலையிடுவதில்லை. சாக்லேட்டும் செர்ரியும் அடுக்கடுக்காக வரும் இனிப்பு என் பங்கு. அதைச் செய்து முடித்தால் மட்டும் போதாது, 25-ஆம் தேதி காலைத் திருப்பலி முடிந்ததும் பஸ் ஏற்றி எலத்தகிரியில் இருக்கும் நாத்தனார் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுசேர்க்கவும் வேண்டும். இந்தச் சில வருடங்களில் இதை மூன்று விதமாகச் செய்திருக்கிறேன். குக்கரில் சுட்ட பிளாக் ஃபாரஸ்ட் கேக் ஒன்று. கேக்கை உதிர்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்குவது இன்னொன்று. சுடாமலே மேரி பிஸ்கட்டை அடுக்குவது மூன்றாவது.

எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தச் செர்ரியைப் போடப்போகிறீர்கள் என்றுதான். கோகோவின் கசப்பு, க்ரீமின் கொழுப்பு, பழத்தின் புளிப்பு மூன்றும் ஒரே கரண்டியில் வாய்க்குள் போக வேண்டும். அதற்காகத்தான் இதை அடுக்காகச் செய்கிறார்கள். புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும்.

சிவப்பு உருண்டையின் கதை

பேக்கரி கேக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பளபளப்பான சிவப்புச் செர்ரியை ஒருமுறை தண்ணீரில் அலசிப் பாருங்கள். நான் வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் பிடித்தேன். இளஞ்சிவப்புச் சாயம் ஓடி இறங்கியது. உள்ளே வெளிறிப்போன, கொஞ்சம் நார் தட்டும் சதை. செர்ரியென்றால் நடுவில் உருண்டையான ஒற்றைக் கொட்டை இருந்த குழி தெரிய வேண்டும். இதிலோ ஒரு பக்கம் கீறியிருந்தது, உள்ளே தட்டையான சின்ன விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த மாமியார் யோசிக்கவே இல்லை. “இது களாக்காய்தானே” என்றார்.

அவர் சொன்னது சரி. நம் நாட்டு பேக்கரிகளில் செர்ரி என்று புழங்குவதில் பெரும்பகுதி களாக்காய்தான். உப்புநீரில் ஊறவைத்து, நிறத்தைப் போக்கி, விதை எடுத்து, சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் ஏற்றுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கரடுகளில் முள்ளோடு முள்ளாக வளர்ந்து நிற்கும் அதே செடியின் காய். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுதான். களாவின் பெருமையே அதன் புளிப்பு. அந்தப் புளிப்பை முழுக்கப் பிழிந்து எறிந்துவிட்டு, வெறும் சர்க்கரை உருண்டையாக்கி, வேறொரு பழத்தின் பெயரில் விற்கிறார்கள்.

அசல் செர்ரி நம்மிடம் இல்லாமல் இல்லை. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் மே முதல் ஜூலை வரை அதற்குப் பருவம். டிசம்பரில் வருவது பூமியின் தென்பாதியிலிருந்து, பெரும்பாலும் சிலியிலிருந்து வருகிற பழம். விலையைக் கேட்டால் வாங்கத் தோன்றாது, தருமபுரி வரைக்கும் வருவதும் அபூர்வம். ஓசூர், பெங்களூரு போய்வருகிறவர்களிடம் சொல்லிவைத்தால் டின்னில் அடைத்த கருஞ்செர்ரி கிடைக்கும். டின்னை வாங்கும்போது முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். களாக்காயென்றால் அங்கே எழுதியிருக்கும்.

டின் செர்ரியும் இனிப்புப் பாகில்தான் ஊறியிருக்கும். அதன் பாகில் 150 மில்லி எடுத்து, இரண்டு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றி, சின்னப் பட்டைத் துண்டு போட்டுக் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, இரண்டு தேக்கரண்டி. அதன் பிறகு பழம். எலுமிச்சையை விட்டுவிட்டால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

டின்னை விட எனக்குப் பிடித்தது பழுத்த களாதான். ஆவணி வாக்கில் கறுத்துப் பழுத்த களாப்பழம் கூடையில் வரும்போது ஒரு கிலோ வாங்கிவிடுவேன். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்து விரலில் ஒட்டும். கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாக வகுந்து விதையைக் கீறி எடுத்தால் சதை இரத்தச் சிவப்பாக இருக்கும். அரைக் கிலோ சதைக்கு 300 கிராம் சர்க்கரை, தண்ணீர் ஊற்றாமல் சின்னத் தீயில் கிளறி, ஆறியதும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் டிசம்பர் வரை தாங்கும். எந்தச் சாயமும் தராத ஆழ்ந்த நிறம் அதில் இருக்கிறது. சாக்லேட் பக்கத்தில் வைக்கும்போது செர்ரியை விடவும் இது பொருந்துகிறது என்று நான் மனதாரச் சொல்வேன்.

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழையும் ஒரு வருடம் முயன்று பார்த்தேன். தனியாகச் சாப்பிட அருமை. ஆனால் மாம்பழ வாசம் வந்தால் கோகோ வாயைத் திறப்பதில்லை.

முதல் போட்டியாளர்: முழுக் கேக்

பிளாக் ஃபாரஸ்ட் என்பது தென்மேற்கு ஜெர்மனியின் காட்டுப் பகுதி. 1915-இல் தாமே இந்தக் கேக்கை முதலில் செய்ததாக யோசஃப் கெல்லர் என்ற இனிப்புக் கலைஞர் உரிமை கொண்டாடினார். அச்சில் இதன் பெயர் வந்தது 1934-இல். அங்கே இதன் உயிர் ‘கிர்ஷ்’. செர்ரியைக் கொட்டையோடு புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் நிறமற்ற சாராயம் அது. அதன் சுவை தெளிவாகத் தெரியாவிட்டால் ஜெர்மனியில் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. நம் பேக்கரிகளில் அந்த இடத்தைச் சர்க்கரைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. கொட்டையோடு புளிப்பதால் கிர்ஷில் மெல்லிய பாதாம் வாசம் இருக்கும். அதனால் செர்ரிப் பாகில் ஒரே ஒரு சொட்டு பாதாம் எசன்ஸ் விட்டால் அசலை ஓரளவு நெருங்கிவிடலாம். இரண்டாவது சொட்டு மருந்து வாடை தரும். வீட்டில் திராட்சை ஒயின் போடுகிறவர்கள் அதில் இரண்டு கரண்டி சேர்க்கலாம், பிள்ளைகளுக்குத் தனியாக எடுத்துவைத்துவிட்டு.

கேக்குக்கு என் அளவு: நான்கு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 95 கிராம் மைதா, 25 கிராம் கோகோ, உருக்கிய வெண்ணெய் 40 கிராம். முட்டையும் சர்க்கரையும் வெளுத்து, மூன்று மடங்காகப் பொங்கி, கரண்டியிலிருந்து நாடா போல விழும்வரை அடிக்க வேண்டும். பேக்கிங் பவுடர் இல்லாத இந்தக் கேக்கைத் தூக்கி நிறுத்துவது அந்தக் காற்று மட்டும்தான். குக்கரில் உப்பைப் பரப்பி, முக்காலி வைத்து, ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு சின்னத் தீயில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். முதல் இருபத்தைந்து நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். மறுநாள்தான் மூன்று தகடாக வெட்ட வேண்டும், சூட்டோடு வெட்டினால் உதிரும்.

இதுவரை சிரமம் இல்லை. சிரமம் க்ரீமில் தொடங்குகிறது. நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் பெட்டி க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது. அடித்து நிற்க வேண்டுமானால் குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும். அந்தப் பால் க்ரீம் கிடைத்துவிட்டாலும் கிண்ணம், அடிப்பான், க்ரீம் மூன்றும் சில்லென்று இருக்க வேண்டும். கூர்முனை நிற்கிற அந்த நொடியில் நிறுத்தாமல் இன்னும் அரை நிமிடம் அடித்தால் திரிந்து வெண்ணெயாகிவிடும். எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. 24-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு அரை லிட்டர் க்ரீம் மோரும் வெண்ணெயுமாகப் பிரிந்து நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

இதற்கு மாற்றாக, கேக் சாமான் கடைகளில் உறைய வைத்து விற்கிற தாவரக் கொழுப்பு க்ரீம் இருக்கிறது. அடித்தால் மூன்று மடங்குக்கும் மேல் பொங்கும், வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது, பூ வைத்தால் நிற்கும். பேக்கரிக்காரர்கள் அதை எடுப்பதில் தவறு காண மாட்டேன். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இனிப்பும் அதிலேயே கலந்து வருவதால் குறைக்க வழியில்லை. பழத்தின் புளிப்பு அந்தப் படலத்தைத் தாண்டி நாக்குக்கு வரவே முடிவதில்லை.

இன்னொரு கஷ்டம் ஃபிரிட்ஜ். பண்டிகை நாளில் இட்லி மாவுப் பாத்திரம், கறி, பால் எல்லாம் உள்ளே இருக்கும். மூன்றடுக்குக் கேக்கை நிற்க வைக்க ஒரு தட்டையே கழற்ற வேண்டியிருக்கிறது.

பிஸ்கட் அடுக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரை லிட்டர் பாலில் மூன்று மேசைக்கரண்டி கோகோ, மூன்று மேசைக்கரண்டி சோளமாவு, 100 கிராம் சர்க்கரை போட்டுக் கிளறிக் கெட்டியாக்குங்கள். மேரி பிஸ்கட்டை டிகாஷனில் ஒரு கணம் நனைத்து அடுக்குங்கள். மேலே கூழ், அதன் மேல் பழம், திரும்பவும் பிஸ்கட். இரவு முழுதும் குளிரட்டும். முட்டை இல்லை, குக்கர் இல்லை, பத்து வயதுப் பிள்ளையை நம்பிக் கொடுத்துவிடலாம். என் மகள் தனியாகச் செய்த முதல் இனிப்பு இதுதான். செலவும் மற்ற இரண்டில் பாதிகூட ஆகாது. குறை என்னவென்றால், பிஸ்கட் ஊறிய பிறகு எல்லா அடுக்கும் ஒரே பதமாகிவிடும், இரண்டாம் நாள் கரண்டியில் கூழாக வரும். முட்டை சாப்பிடாதவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். அப்படி யாரும் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

கிண்ணத்தில் அடுக்கினால்

இதில் கேக் அழகாக உப்ப வேண்டிய கட்டாயமே இல்லை. நடுவில் குழிந்த கேக், ஓரம் காய்ந்த கேக், எதுவானாலும் உதிர்த்துவிடப் போகிறோம். அதை விட முக்கியம், அடித்தால் நிற்காத அந்த 25 சதவீத க்ரீம் இங்கே சரியான இடத்துக்கு வந்துசேர்கிறது. 200 மில்லி க்ரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய 200 கிராம் சாக்லேட்டின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கலக்கினால் பட்டுப்போல மினுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் கரண்டி வெட்டும் பதத்துக்கு இறுகும். சாக்லேட் வாங்கும்போது சேர்மானத்தில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால், மேலே சொன்ன அதே படலம்தான் இதிலும் வரும்.

வெள்ளை அடுக்குக்கு நான் தயிரை நம்புகிறேன். அரை லிட்டர் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிட்டால் 200 கிராம் போலக் கெட்டியாக நிற்கும். அதில் நான்கு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, மிச்சமிருக்கும் பெட்டி க்ரீமில் கொஞ்சம். அடிக்கத் தேவையில்லை, கலந்தால் போதும். புளிக்காத தயிராக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். பழத்தின் புளிப்பு கூர்மையாகவும் தயிரின் புளிப்பு மெதுவாகவும் வரும். நடுவில் சாக்லேட் இருக்கிறது. சுவையில் மூன்றிலும் முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுக்கிறேன். அடுக்குவது இப்படி: அடியில் கேக் தூள், அதன் மேல் பாகு, பிறகு சாக்லேட், பழம், தயிர், மறுபடி கேக் தூள். எட்டு டம்ளருக்கு மேலே சொன்ன கேக்கில் பாதி போதும். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

முழுக் கேக்கை மேசையில் வைத்து வெட்டும்போது வீடே கூடி நிற்கிற அந்த நிமிடம் கிண்ணத்தில் கிடைக்காது, உண்மைதான். பிறந்தநாளென்றால் இன்றும் கேக்தான் செய்வேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் குடிலும் நட்சத்திரமும் இருக்கின்றன, கூடி நிற்க அது போதும்.

பஸ்ஸில் ஏறினால்

கடைசியாக எடுத்துப்போன முழுக் கேக் காரிமங்கலம் தாண்டும்வரை நன்றாக இருந்தது. காவேரிப்பட்டணத்துக்கு முன்னால் பஸ் ஒரு பிரேக் போட்டதில் மேலடுக்கு பெட்டியின் ஒரு பக்கமாக நகர்ந்தது. கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது திறந்து பார்த்தால் க்ரீம் முழுக்கப் பெட்டியின் மூடியில். நாத்தனார் முகம் சுளிக்காமல் கரண்டியால் அள்ளிக் கிண்ணங்களில் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, “அண்ணி, அடுத்த வருஷம் கிண்ணத்திலேயே செய்து கொண்டு வாருங்கள், இதுவே நன்றாக இருக்கிறது” என்றாள்.

அப்போதிருந்து கண்ணாடி டம்ளர் வீட்டில் சாப்பிட மட்டும். எலத்தகிரிக்கு மாமியாரின் நான்கடுக்கு டிபன் கேரியர் போகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தி அடுக்கி, முந்தின இரவே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் ஈரத்துணியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் டிசம்பர்க் காலைக் குளிரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வருடம் மேல் மூன்று அடுக்கில் களா, அடி அடுக்கில் மட்டும் டின் செர்ரி. எது எதுவென்று முன்கூட்டியே சொல்லாமல் நாத்தனாரிடம் கொடுத்து, எந்த அடுக்கு முதலில் காலியாகிறது என்று பார்க்கப்போகிறேன்.