கைக்கோலியா, மெஷின் கோலியா?
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்காவது ஒரு டப்பா பழைய கோலிகுண்டு கிடைத்தால், நிறத்தில் மயங்காமல் முதலில் விரலால் தடவிப் பாருங்கள். ஜெர்மனியின் லௌஷா பகுதியில் கையால் செய்தவை, சூடான கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டி எடுத்தவை. அதனால் முனையில், பெரும்பாலும் இரண்டு முனையிலும், சொரசொரப்பான தழும்பு இருக்கும். உள்ளே முறுக்கிய வண்ண இழைகள் ஒரு தழும்பிலிருந்து மறு தழும்புக்கு ஓடும். உருண்டையும் லேசாகக் கோணல்தான். எனக்கு அந்தக் கோணல்தான் அழகு.

மெஷின் கோலியில் அந்தத் தழும்பே இருக்காது. அமெரிக்காவில் கிறிஸ்டென்சன் என்பவர் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1905-இல். உள்ளே பூனையின் கண் போல வண்ணக் கீற்று தெரியும் பூனைக்கண் கோலி இன்னும் பிந்தியது, 1950-களில் ஜப்பானிலிருந்து பரவியது. அதை நூறு வருஷப் பழசு என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அப்புறம், உள்ளே வண்ண இழை எதுவும் இல்லாத வெறும் பச்சைக் குண்டு? அநேகமாகச் சோடா பாட்டிலிலிருந்து வந்தது. என் டப்பாவில் பாதி அதுதான்.