கல்லறைக் கல், கப்பல் பட்டியல், மரபணு: யூதக் குடும்பத்தின் வேரை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நியூயார்க்கில் வாழும் ஒரு யூதக் குடும்பம், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த கொள்ளுப்பாட்டனார் கலீசியாவின் (அன்று ஆஸ்திரியப் பேரரசின் பகுதி, இன்று போலந்திலும் உக்ரைனிலும் உள்ளது) எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று அறிய விரும்பினால், அதற்கு மரபணுச் சோதனை, எழுத்துப் பதிவுகள், கல்லறைக் கல் என மூன்று வழிகள் உள்ளன. எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்புவது எளிது என்பதால் பலரும் முதல் வழியிலேயே தொடங்குகின்றனர். அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கிழக்கு, நடு ஐரோப்பாவைச் சேர்ந்த அஷ்கெனசி யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இன்றைய அஷ்கெனசியர், 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏறத்தாழ 350 பேரின் வழிவந்தவர்கள் என 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதனால், பல தலைமுறைகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட இருவர்கூடச் சோதனை முடிவில் நெருங்கிய சொந்தக்காரர்களாகத் தோன்றுவார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்து குவிந்தாலும் ஊர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால், நாஜிகளின் யூத இனப்படுகொலையில் பெற்றோரை இழந்து, பிறந்த பெயரே தெரியாமல் பிறர் வீட்டில் வளர்ந்த குழந்தைக்குக் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை. அங்கு மரபணுவுக்கு ஈடாக வேறொன்றும் கிடையாது.

எழுத்துப் பதிவுகள் ஊரையும் ஆண்டையும் தெளிவாகச் சொல்லும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு. யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல்தான் ஆணையிட்டார். அதற்கு முந்தைய தலைமுறைகளைக் குடும்பப் பெயரால் தேடிப் பயனில்லை. மேலும், கலீசியாவில் ரப்பி எனும் யூத மத குரு மட்டும் நடத்திவைத்த திருமணத்தை அரசு ஏற்காததால், பிறப்புப் பதிவேட்டில் பல குழந்தைகள் தாயின் குடும்பப் பெயரிலேயே பதிவாயினர். அவர்களே அமெரிக்காவில் தந்தையின் பெயருக்கு மாறியபோது, ஒரே குடும்பம் ஏட்டில் இரு குடும்பமாகிவிட்டது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பரிசோதித்த எல்லிஸ் தீவின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை வீட்டுக்கு வீடு சொல்லப்பட்டாலும், பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும்போதே எழுதப்பட்டது. தீவில் அதைச் சரிபார்த்ததோடு சரி. 1907 முதல் அந்தப் பட்டியலில், விட்டுவந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இடம்பெறுவதால், அதன் பிறகு வந்தவர்களைத் தேடுவது பெரிதும் எளிது. புறப்பாட்டுத் துறைமுகங்களில் ஹாம்பர்க்கின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் எஞ்சியுள்ளன. பிரேமனுடையவை பெரும்பாலும் அழிந்துவிட்டன.

கல்லறைக் கல்லை ஏனோ பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆங்கில எழுத்தில் பெயரும் ஆண்டும் மட்டுமே இருக்கும் கல்லில், எபிரேய வரிகள் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்று தந்தையையும் குறிப்பிடுகின்றன. கலீசியாவை விட்டு ஒருநாளும் வெளியேறாத ஒருவரின் பெயர் இப்படி நியூயார்க்கின் குயின்ஸில் கிடைத்துவிடுகிறது. விரித்த இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தால் அவர் கோஹன் எனும் குருமரபினர். நீர்க்குடுவை இருந்தால், பழைய கோயிலில் குருமாருக்கு உதவிய மரபினரான லேவியர். அதைவிட முக்கியமாக, ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் அமைத்து அடக்க நிலத்தைச் சேர்ந்து வாங்கியதால், அப்பகுதியின் நுழைவாயிலில் பெரும்பாலும் பூர்விக ஊரின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. தேடிய விடை அந்த வாயிலிலேயே கிடைத்துவிடலாம். இறந்தவரின் பெயரைக் குழந்தைக்கு இடுவது அஷ்கெனசி வழக்கம் என்பதால், பேரப்பிள்ளைகள் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பெயருடன் பிறந்திருந்தால், தாத்தா இறந்த காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். கல்லிலுள்ள தந்தை பெயர் பிள்ளைகளின் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதால், அதைப் பதிவேட்டுடன் ஒத்துப்பார்ப்பது நல்லது.

கலீசியாவிலேயே தங்கிக் கொல்லப்பட்டவர்களுக்குக் கல்லே இல்லை. அவர்களுக்காக உறவினர்கள் 1950-கள் முதல் நிரப்பித் தந்த சாட்சித் தாள்கள் ஜெருசலேமில் யாத் வாஷெம் எனும் இனப்படுகொலை நினைவகத்தில் உள்ளன. தேடுபவர் இறந்தவரின் பெயரோடு நின்றுவிடாமல், தாளை நிரப்பியவரின் பெயரையும் உறவுமுறையையும் பார்க்க வேண்டும். அது ஹைஃபாவிலோ புவெனஸ் ஐரிஸிலோ வாழ்ந்த, இறந்தவரின் உடன்பிறந்தவரின் மகளாக இருக்கலாம். அவருடைய பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்கள் இசைந்தால், அப்போது மரபணுவை ஒப்பிடலாம். இன்னார்தான் இருவருக்கும் பொது மூதாதையா என்ற ஒரே கேள்விக்கு அச்சோதனை நன்றாகவே விடை தருகிறது.