கோவை சரவணம்பட்டியில் பெயர்ப்பலகை இல்லாத ஹீட்டர் ரிப்பேர் கடை: 5க்கு 4

மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் துருப்பிடித்த ஹீட்டர் டேங்குகள், உள்ளே ஒரு பெரியவர், அவருக்கு ஒத்தாசையாக ஒரு பையன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் அவருடைய பிரதானத் தொழில். ஹீட்டர் வேலையும் செய்கிறார், நன்றாகவே செய்கிறார்.

எங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர், 2000 வாட் ஸ்டோரேஜ் ஹீட்டர். ஆறு வருடப் பழசு. மார்கழிக் குளிரில், மாமியாருக்கு மூட்டுவலி உச்சத்தில் இருக்கும்போது, படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் லைட் எரியும், தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே வரும். கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக இறங்கும் எம்சிபி சுவிட்சும் விழவில்லை. 16 ஆம்பியர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கருகல் வாடையோ உருகலோ இல்லை.

முதலில் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போன் செய்தேன். லைட் எரிகிறதா என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. "ஆறு வருஷம் ஆயிடுச்சுன்னா டேங்கே போயிருக்கும் மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க" என்று ஒப்பித்தார். டேங்க் ஓட்டையானால் ஒழுக வேண்டாமா? எங்கள் சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பார்க்காமலே சாவுச் சீட்டு எழுதும் வைத்தியரிடம் எதற்குப் போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

கடைப் பெரியவர் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வந்தார். ஒரு மதிப்பெண் குறைந்தது முக்கியமாக இதற்குத்தான். ஆனால் வந்தவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"ஏனுங் அம்மிணி, பாத்ரூமுக்கு வர்றது போர் தண்ணிங்களா? கொஞ்ச நாளா உள்ளார கரகரன்னு சத்தம் வந்துச்சுங்களா?"

இரண்டுமே ஆமாம்தான். சிறுவாணி ஊர் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம், மாடி டேங்கில் ஏறுவது உப்புத் தண்ணீர்தான். சத்தமும் தீபாவளிக்கு முன்னாலிருந்தே வந்துகொண்டிருந்தது.

எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடிமூடியைக் கழற்றினார். முதலில் பார்த்தது கட்-அவுட்டை. தண்ணீர் சுட்டதும் கரண்ட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் மக்கர் செய்து தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் லைனை அறுத்துவிடுகிற பாதுகாப்பு அது. அறுபட்டிருந்தால் அதிலிருக்கும் பட்டனை அமுக்கி மறுபடி சேர்க்கலாம், ஆனால் ஏன் அறுந்தது என்று பார்க்காமல் அமுக்கக் கூடாதாம். எங்கள் ஹீட்டரில் அது சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட்டும் சரி. அப்புறம் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பியான எலிமென்ட்டின் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

"அப்புறம் லைட் எப்படிங்கண்ணா எரியுது?" என்றேன். எலிமென்ட் வரைக்கும் கரண்ட் வந்தாலே லைட் எரியும், அது எலிமென்ட்டுக்குள்ளே புகுந்து வர வேண்டியதில்லை என்று ஒயரைத் தொட்டுக் காட்டினார். லைட்டை நம்பி ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யும் எல்லா வீட்டுக்காரர்களும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

தண்ணீரை வடித்து எலிமென்ட்டை உருவினால், கம்பியே தெரியவில்லை. சுண்ணாம்புக் காரை போல மஞ்சளும் வெள்ளையுமாக உப்பு. அதை மீறிச் சூடு தண்ணீருக்குச் சீக்கிரம் போக முடியாமல், கம்பி தன் சூட்டிலேயே வெந்து அறுந்திருக்கிறது. உப்புப் படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று பலர் பயமுறுத்துவார்கள். எலிமென்ட் தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தச் சூடு வேறு எங்கே போகும்? பில்லில் பெரிய வித்தியாசம் வராது, ஆயுள்தான் குறையும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோகிற மெக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே உண்டு. அதில் நடு ஒயர் மட்டும்தான் மிச்சம். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கம்பெனிப் பெண் சொன்னது பலித்திருக்கும்!

எலிமென்ட் 650 ரூபாய், மெக்னீசியம் கம்பி 250, கேஸ்கெட் 60, கூலி 450. மொத்தம் 1,410. தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். "நல்லா இருக்கறத எதுக்குங்க மாத்தணும்" என்று மறுத்துவிட்டார். கழற்றிய சாமான்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். டேங்கில் தண்ணீர் நிரம்பி, சூடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் விழும்வரை சுவிட்சைத் தொடவே விடவில்லை. தண்ணீர் இல்லாமல் போட்டால் புது எலிமென்ட் நிமிடங்களில் எரிந்துவிடும். இப்போது இருபது நிமிடம் போலத் தண்ணீர் சுட்டு லைட் தானாக அணைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 2000 வாட்டுக்குப் பதினெட்டு நிமிடம் ஆக வேண்டும். சரியாகத்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பில் என்பது நோட்டில் கிழித்த தாள். கேரண்டி வாய்வார்த்தை, ஆறு மாதம் என்றார். குளியலறைத் தரையில் கொட்டிய உப்புக் கட்டிகளை நான்தான் கூட்டி அள்ளினேன். ஹீட்டர் வாரண்டிக்குள் இருந்தால் இவரிடம் போகாதீர்கள், வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடலாம்.

போர் தண்ணீர் வீடு என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து உப்பைத் தட்டிவிடச் சொல்கிறார், அதற்குக் கூலி மட்டும்தான். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டரும் பார்ப்பார், கேஸ் ஹீட்டரைத் தொடமாட்டார். மதியம் போன் எடுப்பதில்லை, காலை பத்து மணிக்குள் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது.