செக், கோசெக், காட் சமன்பாடு சொல்லித்தர்ற வீடியோ கோர்ஸ்: ஒரு குறை இருக்கு, ஆனா வாங்கலாம்

முக்கோணவியல் (ட்ரிக்னாமெட்ரி) கோர்ஸ் இது, செக்னா 1/காஸ், கோசெக்னா 1/சைன், காட்னா காஸ்/சைன். பொண்ணுக்காகத்தான் வாங்கினேன், கடைசில நானும் கூட உக்காந்து முழுசா பாத்துட்டேன். முதல் பாடமே ரொம்ப பிடிச்சுது, செக் தீட்டா = 2னு வந்தா பயப்படாம தலைகீழாக்கு, காஸ் தீட்டா = 1/2, அப்போ 0லேர்ந்து 360 டிகிரிக்குள்ள விடை 60, 300, அவ்ளோதான். கால்குலேட்டர்ல சைன் மேல -1 போட்ட பட்டன் கோசெக் இல்ல, அது கோணத்த கண்டுபிடிக்கிறதுன்னு தெளிவா சொல்றாங்க, பாதி பசங்க தப்பு பண்றதே இங்கதான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு 2 சைன் தீட்டா − கோசெக் தீட்டா = 1. ரெண்டு பக்கமும் சைனால பெருக்கினா சாதாரண இருபடிச் சமன்பாடா மாறிடுது, சைன் 1 இல்லன்னா -1/2, விடை 90, 210, 330. சைன் 0 ஆகக்கூடாதுன்னு முதல்லயே எழுத வைக்கிறாங்க பாருங்க, அது நல்ல பழக்கம். கோசெக் = 1/2க்கு ஏன் விடையே இல்லன்னும் (சைன் 2 ஆக முடியாதே) படம் வரைஞ்சு காட்றாங்க.

குறைன்னா காட் தீட்டா = 0 கணக்கு. டேனுக்கு (டேன் = 1/காட்) மாத்தினா 1/0 வருது, அதனால விடை இல்லன்னு முடிச்சுட்டாங்க, இது தப்புங்க! காட்ட காஸ்/சைன்னு எழுதினா காஸ் = 0, 90ம் 270ம் வந்துடும். எழுதிக் கேட்டேன், இன்னும் திருத்தல. அந்த ஒரு வீடியோவ மட்டும் நீங்களே பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்துடுங்க.