ஒட்டா, வெட்டா? ராணிப்பேட்டைக்கு வந்த இரும்புப் பாய்மரப் படகு

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அந்த நீரில்லாத பாலாற்றங்கரைக்கு, எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு, மாசி மாதம் ட்ரெய்லரில் ஒரு பாய்மரப் படகு வந்து இறங்கியது. 28 அடி, முழுக்க இரும்பு. என் மச்சான் சென்னைப் பக்கம் சல்லிசாக வாங்கியது. டீக்கடையில் கேட்டார்கள்: "என்னண்ணே, 2021 மாதிரி இன்னொரு வெள்ளம் வருதா?"

கடலோரத்திலேயே வேலையை முடித்திருக்கலாமே என்று நீங்களும் கேட்பீர்கள். பாய், பாய்மரம், இன்ஜின் மட்டும் பார்க்க வேண்டியிருந்தால் அதுதான் சரி. படகு தெரிந்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் தகடு மாற்றும் வேலை என்றால் கணக்கு மாறுகிறது. ராணிப்பேட்டையில் பெல் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் ஏராளம், தகடு வெட்டிப் பற்றவைப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதைவிட முக்கியம் காற்று. கடலோரத்தில் சாயங்காலம் வெள்ளையாகத் தேய்த்து வைத்த இரும்பு, விடிவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிடும். உப்புக் காற்று செய்கிற வேலை. இங்கே அவ்வளவு அவசரம் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் ட்ரெய்லர் வாடகை, அதுவும் போக வர இரண்டு தடவை, வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் தகட்டு வேலைக்கு என் ஓட்டு இந்த ஊருக்குத்தான்.

அடுத்தது ஒட்டா வெட்டா என்கிற சண்டை. மச்சான் வெளிப்பக்கத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, நாலு இடத்துல ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடிச்சிடலாம்" என்றான். பழைய வெல்டர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் வெளியே தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே இறங்கி, பலகையைக் கழற்றச் சொல்லி, சுத்தியலால் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போனார். 'ணங் ணங்' என்ற சத்தம் இரண்டு இடத்தில் 'தொப்' என்றது.

இரும்புப் படகு பெரும்பாலும் உள்ளிருந்துதான் சாகிறது. வெளிப்பக்கம் கண்ணில் படும், வருடா வருடம் பெயின்ட் பார்க்கும். உள்ளே சட்டங்களுக்குப் பின்னால், நங்கூரச் சங்கிலி கிடக்கும் பெட்டிக்குள், கழிவறைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதை யார் பார்க்கிறார்கள்? அதற்காகத் துருவைப் பார்த்து ஒரேயடியாகப் பயப்படவும் கூடாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பிக்கொள்ளும். விரல் தடிமனுக்குப் பொருக்கு பெயர்ந்து வந்தாலும் உண்மையில் போன இரும்பு கொஞ்சமாக இருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல் அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரை வாடகைக்கு எடுத்தோம். 4 மில்லிமீட்டர் தகடு பல இடங்களில் 3.6 காட்டியது. தொப் என்ற இடங்களில் 2க்கும் கீழே.

ஒட்டு என்றால் கெட்டதன் மேல் புதுத் தகட்டை வைத்து நான்கு பக்கமும் பற்றவைப்பது. இரண்டு நாளில் முடியும், செலவும் குறைவு. கோளாறு என்னவென்றால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியே கிடையாது, துரு அங்கே நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். கப்பல் தரச்சான்று நிறுவனங்கள்கூட ஒட்டைத் தற்காலிகப் பழுதாகத்தான் கணக்கில் வைக்கின்றன. வெட்டு என்றால் நல்ல இரும்பு வரும்வரை அறுத்து எடுத்து, அதே தடிமன் தகட்டை அளவாக உட்காரவைப்பது. இதில் பொறுமை வேண்டும். மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், சதுரமாக விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தாவித் தாவித்தான் போக வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஃபோமை முதலில் பிய்த்து எடுக்காவிட்டால் தீப்பிடிக்கும். எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. கடலில் விடப்போகும் படகுக்கு வெட்டுதான். ஒட்டு, எங்காவது நடுவழியில் ஓட்டையாகி ஊர் வந்து சேர்வதற்கு.

துரு எடுப்பதில் மூன்று வழிகள். கிரைண்டரும் வயர் பிரஷும் மலிவு. ஆனால் பிரஷ் துருவை எடுப்பதைவிடப் பளபளப்பாக்குவதுதான் அதிகம், குழிகளுக்குள் அப்படியே நிற்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும், நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்சிக்கு (இரண்டு டப்பா கலந்து இறுகும் பெயின்ட்) அடியில் அதை நம்ப மாட்டேன். பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சித் துருவை உதிர்ப்பதுதான், பெயின்ட் பிடிக்கிற மாதிரி சொரசொரப்பைத் தரும். ஆற்று மணலை மட்டும் உபயோகிக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும். கார்னெட் கல் துகளோ, தாமிரம் உருக்கிய கசடான காப்பர் ஸ்லாகோ வாங்குங்கள்.

பிளாஸ்டிங்குக்கு முன்னால் உப்பைக் கழுவ வேண்டும். நான் கோட்டை விட்ட இடம் இதுதான். போர் தண்ணீரைப் பீய்ச்சினேன், காய்ந்ததும் தகடெங்கும் வெள்ளைக் கோடு. தோல் தொழிற்சாலைக் கழிவால் இங்கே நிலத்தடி நீர் உப்பேறிய கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அது தெரிந்தும் உப்புத் தண்ணீரால் உப்பைக் கழுவியிருக்கிறேன்! அப்புறம் குடிநீர் லாரி வரவழைத்து மறுபடி கழுவினோம்.

பெயின்டில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எனாமல் வேண்டாம், எபாக்சி பல பூச்சு. சித்திரை வெயிலில் கலக்கிய எபாக்சி டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கு பிளாஸ்டிங், பத்து மணிக்குள் ப்ரைமர் என்று பகுதி பகுதியாக முடித்தோம். உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்குச் சமமாகப் பூச்சு போட்டதில் மச்சானுக்கு வருத்தம், "யார் பார்க்கப் போறா?" என்றான். தண்ணீர் பார்க்கும் என்றேன்.

கடைசியாக, இரும்புக்குப் பதில் தான் கரைந்துபோகும் ஆனோடுக் கட்டிகள். கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். மாற்றிப் போட்டால் நன்னீரில் துத்தநாகம் சும்மா தூங்கும், கடலில் மக்னீசியம் சீக்கிரமே கரைந்து காணாமல் போகும். இதைச் சொன்னதும் மச்சான், "அப்போ முதல்ல மோர்தானா அணையில விட்டுப் பார்க்கலாமா?" என்றான். அனுமதி வாங்கி வா என்று சொல்லிவிட்டுத் துத்தநாகத்தையே முடுக்கினேன்.