லேப்டாப் சார்ஜ் பண்ற பவர் பேங்க்: ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்ததுல தெரிஞ்சுகிட்டது

லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, எந்த பவர் பேங்க் வாங்கலாம்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் ஒண்ணை வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பட்டதையும் பார்த்ததையும் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், டப்பா முன்னாடி கொட்டை எழுத்துல 20000 எம்ஏஹெச்னு பேட்டரி கொள்ளளவைப் போட்டிருப்பான் பாருங்க, அதைப் பார்த்து வாங்காதீங்க. அப்படியே திருப்பிப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க. லேப்டாப்புக்கு ஏறுமா ஏறாதாங்கிற விஷயம் அங்கதான் இருக்கு.

நமக்கு வேலை தென்காசி பக்கம் வீட்டுல இருந்துதான், வாடகை வீடு, இன்வெர்ட்டர் கிடையாது. மாசாமாசம் பராமரிப்புன்னு ஈபி ஷட்டவுன் வரும், காலைல 9 மணிக்குப் போனா மதியம் 2 மணி, சில நாள் சாயங்காலம் வரைக்கும் கூட இழுக்கும். இது போக சாரல் சீசன்ல காத்து கொஞ்சம் பலமா அடிச்சாப் போதும், சொல்லாமக் கொள்ளாம கரண்ட் போயிடும். அப்பப்போ பொதிகை எக்ஸ்பிரஸ்ல சென்னை ஆபீஸுக்கும் போய் வரணும், ஸ்லீப்பர்ல சார்ஜிங் பாயிண்ட்டை நம்பி உக்கார முடியாது, ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆஃப் பண்ணிடுறாங்க. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குற காசுல நாலஞ்சு பவர் பேங்க் வாங்கலாம், வீடு மாத்தினா தூக்கிட்டுப் போறதும் சுலபம்னுதான் இந்தப் பக்கம் வந்தேன். லேப்டாப் திங்க்பேட் ஈ14, உள்ள 45 வாட் ஹவர் பேட்டரி (வாட் ஹவர்ங்கறது உள்ள அடங்கற மொத்த சக்தியோட அளவு), கூட வந்தது 65 வாட் டைப் சி சார்ஜர்.

இப்ப அந்தப் பின்பக்க எழுத்துக்கு வருவோம். என் பவர் பேங்க்ல டைப் சி அவுட்புட்னு போட்டு வரிசையா இருக்கும்: 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 12 வோல்ட் 3 ஆம்ப், 15 வோல்ட் 3 ஆம்ப், 20 வோல்ட் 3.25 ஆம்ப். இந்தக் கடைசி 20 வோல்ட் இருக்கு பாருங்க, அதுதான் லேப்டாப்புக்கு உயிர். டைப் சில சார்ஜ் ஏறுற விண்டோஸ் லேப்டாப் பெரும்பாலும் 20 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கும். வோல்ட்டை ஆம்பால பெருக்கினா வாட் வந்துடும், 20 இன்ட்டு 3.25, அதான் 65. மார்க்கெட்ல ரொம்ப ஓடுறது 22.5 வாட் பவர் பேங்க், ஃபாஸ்ட் சார்ஜிங்னு போட்டிருக்கும், விலையும் சல்லிசா இருக்கும், ஆனா அதுல பெரும்பாலும் 12 வோல்ட்டோட வரிசை முடிஞ்சிடும். போனுக்கு அது அருமையா இருக்கும், லேப்டாப்புக்கு ஆகாது. என் மச்சினன் அப்படித்தான் ஒண்ணு வாங்கிட்டு, "அத்தான், சொருகினா லேப்டாப்ல லைட்டே எரிய மாட்டேங்குது, பீஸ் போச்சா?"ன்னு போன் பண்ணினான். பீஸ் நல்லாத்தான் இருந்துச்சு, 20 வோல்ட்தான் இல்ல. அதுவே மேக்புக் ஏர்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகும், எம்1 ஏர் கூட வந்த சார்ஜரே 30 வாட்தான், கம்மி வாட்லயும் மெதுவா ஏத்திக்கும். மத்த லேப்டாப்புக்கு குறைஞ்சது 45 வாட், முடிஞ்சா 65.

அடுத்தது இந்த எம்ஏஹெச் கணக்கு. கடையில கேட்டா "உங்க லேப்டாப் பேட்டரி நாலாயிரம் சொச்சம் சார், இது இருபதாயிரம், அஞ்சு தடவை ஃபுல் ஆகும்"னு சொல்லுவாங்க. அஞ்சு தடவைலாம் வராது, ஒரு தடவை ஏறி கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். பவர் பேங்க் உள்ள இருக்க செல் 3.7 வோல்ட், லேப்டாப் பேட்டரி 11 வோல்ட்டுக்கு மேல. வோல்ட்டை விட்டுட்டு எம்ஏஹெச்சை மட்டும் ஒப்பிடறது, கையில எத்தனை நோட்டு இருக்குன்னு எண்ணிட்டு பத்து ரூபா நோட்டா நூறு ரூபா நோட்டான்னு பாக்காம விடற மாதிரி. ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்து வாட் ஹவர்ல பார்த்தாதான் கணக்கு உதைக்காது. 20000 எம்ஏஹெச் 3.7 வோல்ட்ல 74 வாட் ஹவர், அதையும் 20 வோல்ட்டுக்கு ஏத்திக் கொடுக்கும்போது சூடாவே கொஞ்சம் போயிடும். பின்னாடி ரேட்டட் கெபாசிட்டி 12000 எம்ஏஹெச், 5 வோல்ட்னு இன்னொரு வரி இருக்கும், அதாவது 60 வாட் ஹவர், வெளிய வர்றது அதுதான். இதைப் பார்த்துட்டு "இருபதாயிரம்னு சொல்லி பன்னெண்டாயிரம் குடுத்து ஏமாத்திட்டான்"னு ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதறவங்க இருக்காங்க, அது ஏமாத்து இல்லீங்க, வேற வோல்ட்ல, சூடா போறதையும் கழிச்சுச் சொன்ன கணக்கு. சொல்லப்போனா அந்த வரியை ஒழுங்கா அச்சடிச்சிருக்க கம்பெனியைத்தான் நான் நம்புவேன், அது இல்லாத டப்பாவைத் தொடவே மாட்டேன்.

நடைமுறையில எப்படி இருக்குன்னா, பிரவுசர், மெயில், எடிட்டர், நடுவுல மீட்டிங்னு ஓட்டும்போது என் லேப்டாப் சுமாரா 12 வாட் இழுக்கும். புதுசுல லேப்டாப் பேட்டரியோட சேர்த்து ஒரு ஷட்டவுன் நாள் முழுக்கத் தாராளமா தாண்டுச்சு, பவர் பேங்க் மட்டும் அஞ்சு மணி நேரத்தை ஒட்டி வந்துச்சு. இப்ப நாலு மணி நேரம் சொல்லலாம். நடுவுல சொருகற சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒண்ணு சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், அதுல புதுசுல 60 வாட் ஹவருக்குப் பக்கம் காட்டினது இப்ப 50ஐ ஒட்டி நிக்குது. லித்தியம் செல் இந்தளவுக்கு தேயறது சகஜம், அதனால வாங்கும்போதே இன்னிக்குத் தேவைக்கு சரியா இருக்கறதை வாங்காம கொஞ்சம் கூடவே வச்சு வாங்குங்க.

கேபிள் விஷயத்துல நிறைய பேர் தடுமாறுறாங்க. போன் கூட வந்த கேபிள் ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி, இன்னொரு பக்கம் டைப் சின்னு இருந்தா லேப்டாப்புக்கு அது உதவாது, ரெண்டு பக்கமும் சி இருக்கணும். அதுலயும் சாதா சி டு சி கேபிள் 3 ஆம்ப் வரைக்கும்தான், 20 வோல்ட்ல 60 வாட். அதுக்கு மேல போகணும்னா 5 ஆம்ப் கேபிள் வேணும், அதுக்குள்ள ஈ மார்க்கர்னு ஒரு சிப் இருக்கும், அந்த சிப் பதில் சொன்னாதான் பவர் பேங்க் 60 வாட்டைத் தாண்டும். 65க்கும் 60க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, கையில இருக்க நல்ல 3 ஆம்ப் கேபிளே போதும், 100 வாட் பவர் பேங்க் வாங்குறவங்கதான் 5 ஆம்ப் கேபிளுக்கு காசு ஒதுக்கணும்.

கேபிளைக் கூட பிறகு தேடிப் பிடிச்சுக்கலாம், ஆனா டப்பாவுல 65 வாட்னு போட்டிருந்தா அது ஒரே போர்ட்ல வர்றதா எல்லா போர்ட்டும் சேர்ந்தான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. சில பேர் 45ஐயும் 20ஐயும் கூட்டி 65னு போட்டுடறான்.

ரெண்டு போர்ட்டையும் ஒண்ணா ஓட்டுறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கரண்ட் போனா லேப்டாப் அதோட பேட்டரில ஓடும், வைஃபை ரூட்டர்தான் முதல்ல சாகும், நெட் இல்லாம லேப்டாப்பை வச்சு என்ன பண்றது. அதனால டைப் சில இருந்து 12 வோல்ட் எடுத்து ரூட்டருக்குக் கொடுக்கற ட்ரிகர் கேபிள் ஒண்ணு வாங்கி, லேப்டாப் ஒரு போர்ட்லயும் ரூட்டர் இன்னொரு போர்ட்லயும் ஓட்டுறேன். இதுக்கு பின்பக்க வரிசையில 12 வோல்ட் இருந்தே ஆகணும், எல்லாத்துலயும் அது இருக்காது, 9க்கு அப்புறம் நேரா 15ன்னு தாண்டிடும். இன்னொண்ணு, ஒரு போர்ட்ல ஓடிக்கிட்டு இருக்கும்போது இன்னொரு போர்ட்ல எதையாவது சொருகினா பவர் பேங்க் ரெண்டுக்கும் எவ்வளவு வாட்னு திரும்பப் பிரிச்சுக் கொடுக்கும், அப்ப ஒரு செகண்ட் ரெண்டுமே கட் ஆகும். லேப்டாப்புக்கு அது ஒண்ணுமே இல்ல, சார்ஜிங் லைட் ஒரு தடவை அணைஞ்சு எரியும், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும், மீட்டிங்ல இருந்தா ரெண்டு மூணு நிமிஷம் போச்சு. அதனால கரண்ட் போன உடனே முதல்ல லேப்டாப்பை சொருகிடுவேன், அப்புறம்தான் ரூட்டர், அதுக்கப்புறம் கரண்ட் வர்ற வரைக்கும் யாரும் போனை அதுல சொருகக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு என்னைக் கேட்டா இந்த 12 வோல்ட் வரிதான் 20 வோல்ட்டுக்கு அடுத்து முக்கியம்.

திரும்ப ஏத்தற நேரத்தையும் பாருங்க, இதை யாருமே கேக்கறதில்ல. அவுட்புட் 65 வாட் இருக்கும், இன்புட் 18 வாட்தான் வச்சிருப்பான், அப்ப காலியானா முழுசா ஏற அஞ்சு மணி நேரம் ஆகும். காலைல ஷட்டவுன், சாயங்காலம் காத்துக்குன்னு ரெண்டாவது தடவை கரண்ட் போற ஊர்ல இது கட்டுப்படியாகாது. என்னோடது 45 வாட் இன்புட், லேப்டாப் சார்ஜரையே இதுல சொருகி வச்சா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஃபுல் ஆயிடும், தனியா சார்ஜர் வாங்க வேண்டிய செலவும் இல்ல.

குறைன்னு பாத்தா, ரெண்டு சி போர்ட்ல ஒண்ணு ஒரு வருஷம் தாண்டினதும் லூஸ் ஆயிடுச்சு, கேபிளை லேசா அசைச்சா சார்ஜ் விட்டு விட்டு வரும். கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன், வாரண்டி ஆறு மாசம்தான் முடிஞ்சிடுச்சுன்னு ஒரு வரி பதில், காசு வாங்கிட்டாவது சரி பண்ணிக் கொடுங்கன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. நாலாயிரம் ரூபா பொருளுக்கு ஆறு மாச வாரண்டிங்கறது அநியாயம், இது எனக்கு இன்னிக்கும் ஆறல. ஒரு வருஷம் அதுக்கு மேல வாரண்டி கொடுக்கறவங்களும் இருக்காங்க, ஐநூறு ரூபா கூட இருந்தாலும் அதை வாங்கறது நல்லது. எடையும் தெரிஞ்சு வாங்குங்க, 20000ன்னா பெரும்பாலும் நானூறு கிராமை ஒட்டி இருக்கும், பாக்கெட்ல போட்டு சுத்தற சமாச்சாரம் இல்ல.

எடையை வச்சே போலியையும் பிடிக்கலாம். 18650னு சொல்ற உருளை செல், நல்ல செல்லே பெரும்பாலும் 3500 எம்ஏஹெச்சுக்குள்ளதான், ஒண்ணு 45 கிராமுக்கு மேல இருக்கும். 50000 எம்ஏஹெச்னு ஆயிரம் ரூபாய்க்கு விக்கறான்னு வைங்க, உண்மையா இருந்தா உள்ள குறைஞ்சது பதினஞ்சு செல் இருக்கணும், செல் எடையே 650 கிராமைத் தாண்டும். பக்கத்து மளிகைக் கடை தராசுல தூக்கி வைங்க, 300 கிராம் காட்டினா உள்ள என்ன இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். அப்புறம் இந்தியாவுல பவர் பேங்க்குக்கு பிஐஎஸ், அதாவது இந்திய தரநிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம், பின்னாடி ஆர் (R)னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அதைப் போட்டுப் பாத்தா எந்தக் கம்பெனி பேர்ல இருக்குன்னு வரும். ரெண்டு நிமிஷ வேலை, நம்ம தலைமாட்டுல வைக்கிற பொருள், அவசியம் பாருங்க.

சூடுதான் இதுக்கு எமன். லேப்டாப்புக்கு கொடுக்கும்போது ஓரளவு சூடாகும், அது பரவால்ல, மெத்தை மேலயோ தலகாணிக்கு அடியிலயோ வைக்காம தரையில காத்து படற மாதிரி வைங்க. வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. ரொம்ப நாள் பயன்படுத்தலன்னா பாதி சார்ஜ்ல வச்சிருங்க. உடம்பு உப்பின மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடணும், குப்பைத் தொட்டில போடாம ஈவேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க.

ஃப்ளைட்ல போறவங்க 27000 எம்ஏஹெச்சுக்கு மேல போகாதீங்க, அதுதான் 100 வாட் ஹவர், அதுக்கு மேலன்னா ஏர்லைன்ஸ்கிட்ட அனுமதி வாங்கணும். கையில கொண்டுபோற பையில மட்டும்தான், செக் இன் பண்ற பையில வைக்கவே கூடாது. 2025 ஜனவரில தென்கொரியாவுல கிம்ஹே ஏர்போர்ட்ல ஏர் பூசான் விமானம் தீப்பிடிச்சதுக்கப்புறம் எல்லாரும் கெடுபிடி ஆயிட்டாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ரெண்டுலயும் பறக்கும்போது பவர் பேங்க்ல சார்ஜ் போடக் கூடாது, அக்டோபர்ல இருந்து எமிரேட்ஸ்லயும் அப்படித்தான், அங்க ஆளுக்கு ஒண்ணுதான் வேற. திருச்சில இருந்து சிங்கப்பூர் போறவங்க லேப்டாப்பை வீட்டுலயே ஃபுல் பண்ணிட்டுக் கிளம்புங்க.

விலைன்னு பாத்தா 65 வாட், 20000 எம்ஏஹெச்சுக்கு நான் பாத்த வரைக்கும் மூணாயிரத்துல இருந்து அஞ்சாயிரத்துக்குள்ள வந்துடுது. ஆம்ப்ரேன், போர்ட்ரானிக்ஸ், ஸ்டஃப்கூல், ஷாவ்மி, ஆங்கர், யூகிரீன்னு பேர் நிறைய இருக்கு, ஒரே பிராண்ட்லயே ஒரு மாடல்ல 20 வோல்ட் இருக்கும், பக்கத்து மாடல்ல இருக்காது, அதனால பிராண்ட் பேர் கேட்டு வாங்கறதை விட பின்பக்கத்தை படம் எடுத்துப் போடச் சொல்லி பாத்து வாங்குங்க. கேமிங் லேப்டாப் வச்சிருக்கவங்க இதுல காசைப் போடாதீங்க, அதோட சார்ஜரே 180, 230 வாட், விளையாடும்போது இது பத்தாது.

உங்க லேப்டாப்ல டைப் சி ஓட்டை இருக்குங்கறதுக்காகவும் சார்ஜ் ஏறிடும்னு நினைச்சிடாதீங்க, விலை கம்மி மாடல்ல அது டேட்டாவுக்கு மட்டும் இருக்கும். மாடல் பேரைப் போட்டு அந்த சி போர்ட் பவர் டெலிவரி, அதாவது டைப் சி வழியா சார்ஜ், வாங்குமான்னு பாத்துக்கோங்க. பழைய உருண்டை பின் சார்ஜர் லேப்டாப்னா, டைப் சில இருந்து 20 வோல்ட் எடுத்து அந்தப் பின்னா மாத்தற கேபிள் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, நிறைய லேப்டாப்ல வேலை செய்யும். டெல், ஹெச்பில மட்டும் பின் நடுவுல ஒரு ஊசி இருக்கும், சார்ஜர் எத்தனை வாட்னு லேப்டாப் அது வழியாத்தான் கேட்டுக்கும், பதில் வரலன்னா லேப்டாப் ஓடும் ஆனா பேட்டரி ஏறாம போகலாம். அந்த மாதிரி வச்சிருக்கவங்க ஆன்லைன்ல ஆர்டர் போடாம, லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிட்டுப் போய் சொருகி, சார்ஜிங்னு வருதான்னு பாத்துட்டு காசு கொடுங்க.