பழைய எஸ்ஜே413-இல் அடிச்சத்தம்: டிஃபரன்ஷியலைப் பிரிக்கும் முன்

சுசுகியின் நான்கு சக்கர ஓட்ட வண்டியான எஸ்ஜே413-க்கு வயதாகி, அடியிலிருந்து சத்தம் கிளம்பினால் முதல் பழி பின் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) மேல்தான் விழும். "கிரவுன் பினியன் போச்சு" (அதனுள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) என்று சொல்வது சுலபம். ஹவுசிங்கைப் பிரித்து, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி, பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) பார்த்து மூடிய பிறகும் முதல் ஓட்டத்திலேயே அதே சத்தம் திரும்பி வரும். இந்த வண்டியின் ஏணிச் சட்டகம் அப்படி: முன்னால் எழும் ஒலியை நீளவாக்கில் கடத்தி, பின்சீட்டுக்கு அடியில் கொண்டுபோய்க் கொட்டும். ஆகவே காதை நம்புவதைவிடச் சுற்றுகளை எண்ணுவது மேல்.

இதன் அமைப்பே கொஞ்சம் வேறு. கியர்பாக்ஸும், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டி இல்லை. நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உண்டு. முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், இந்த நடு ஷாஃப்ட் என மொத்தம் மூன்று. நடு ஷாஃப்ட் மற்ற இரண்டையும்விட வேகமாகச் சுழலும். டிரான்ஸ்ஃபர் கேஸின் விகிதம் ஹையில் (வழக்கமான நிலை) 1.409, லோவில் (மெதுவான, இழுவை கூடிய நிலை) 2.268, ஆக்சில் விகிதம் 3.727. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின் ஷாஃப்ட் ஏறக்குறைய 3.7 சுற்றும், நடு ஷாஃப்ட் ஹையில் 5¼ சுற்றும் சுற்றிவிடும்.

இந்த எண்களே பாதி வேலையை முடித்துவிடும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் நடை வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் நடந்துகொண்டே எண்ண வேண்டும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் வந்தால் பிரேக் டிரம், டிஸ்க், வீல் பேரிங், டயர் ஆகியவற்றைப் பாருங்கள். 3 அல்லது 4 வந்தால் பின் ஷாஃப்டோ பினியனோ. ஐந்துக்கு மேல் வந்தால் நடு ஷாஃப்ட். யூ-ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டின் சிலுவைத் துண்டு) சில சமயம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கீச்சிடும். அப்போது எண்ணிக்கை இரட்டிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே சுற்றை நம்பாமல் பத்துச் சுற்றுக்கு எண்ணிப் பத்தால் வகுத்தால் தடுமாற்றம் குறையும்.

எண்ண முடியாத முனகல் என்றால் லோ ரேஞ்ச் சோதனை. மணலிலோ தளர்ந்த மண்ணிலோ (தார்ச்சாலையில் கூடவே கூடாது) 4H-இல் (நான்கு சக்கர ஓட்டம், ஹை) மணிக்கு 15 கி.மீ. ஓட்டி ஒலியைக் கவனியுங்கள். நிறுத்தி 4L-க்கு (அதுவே லோவில்) மாற்றி அதே 15-இல் ஓட்டுங்கள். சுருதி மாறவில்லை என்றால் குற்றவாளி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால்: ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கரம். சுருதி ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே ஏறினால் நடு ஷாஃப்ட் அல்லது அதற்கு முன்னால் இருப்பது.

மூன்றாவது சோதனைக்கு வண்டி நகரவே வேண்டாம். டிரான்ஸ்ஃபர் லிவரை N-இல் வைத்து, கியர்பாக்ஸை மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் நடு ஷாஃப்ட் மட்டும் சுழலும்; முன், பின் ஷாஃப்டுகள் அசையாது. N-இல் இருக்கும்போது கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது; நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஷாஃப்ட் சுழலும்போது வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. இதில் ஒரு குறை: சுமை இல்லாமல் சுழல்வதால் காய்ந்த கிராஸின் கீச்சு கேட்கும், புறப்படும்போது மட்டும் வரும் "டக்" கேட்காமல் போகலாம்.

பலரும் ஏமாறுவது கிராஸைப் பரிசோதிக்கும் விதத்தில். ஷாஃப்டைப் பிடித்துத் திருகிப் பார்த்து "பிளே இல்லை, நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். காய்ந்து துருப்பிடித்த கிராஸுக்கு பிளே இருக்காது, இறுகித்தான் இருக்கும். கப் (கிராஸின் முனையை மூடும் தொப்பி) விளிம்பில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே நீடில் (ஊசிபோன்ற பேரிங் உருளை) துருப்பிடிக்கிறது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஷாஃப்டைக் கழற்றிக் கையால் இரு திசையிலும் ஆட்ட வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தோன்றினால் நீடில்கள் கிராஸின் தண்டில் தடம் பதித்துவிட்டன. அதற்குக் கிரீஸ் அடித்துப் பயனில்லை. சத்தம் சில நாள் அடங்கி மீண்டும் வரும்.

கழற்றும் முன் ஃபிளாஞ்ச் ஜோடிகளிலும், சறுக்கும் ஸ்ப்ளைனின் இரு பாதியிலும் பெயின்டால் கோடு போடுங்கள். ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலும் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்காது; சத்தம் போய் அதிர்வு வரும். புதுக் கப்பை அழுத்தும்போது சர்க்லிப் பள்ளம் முழுதாகத் தெரியவில்லை என்றால் ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் கிடக்கிறது. வைஸை மேலும் முறுக்கினால் கப் வெடிக்கும். வெளியே எடுத்து, நீடில்களைக் கிரீஸில் ஒட்டி நிறுத்தி மறுபடி தொடங்குவதே வழி. பொருத்திய பின் கிராஸ் இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் சுத்தியலால் இரண்டு தட்டு, விட்டுக்கொடுக்கும்.

நடு ஷாஃப்டின் கிராஸ் அடிக்கடி போகிறதா? அப்படியானால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுன்டுகளைப் பாருங்கள். ஒன்று கிழிந்தாலும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கேஸ் உருளும், குட்டை ஷாஃப்டின் கோணம் மாறும். நீளமான ஷாஃப்ட் அந்த மாற்றத்தைச் சமாளித்துவிடும், குட்டையானதால் முடியாது. மவுன்டை விட்டுவிட்டுக் கிராஸை மட்டும் மாற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதுதான். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கரங்கள் எப்போதும் இணைந்தே ஓடுவதால் மெல்லிய ஊளை இந்த வண்டியின் இயல்பு. அது திடீரென்று கூடினால் ஆயில் மட்டம் பாருங்கள். கொள்ளளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. சீல் கசிவு சிறிதாக இருந்தாலும் விரைவில் காய்ந்துவிடும். வடிக்கும் பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு இருந்தால் கவலை இல்லை. ஊசிபோலவோ செதிள்போலவோ உலோகம் வந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடைக்குள் இறங்கும் வண்டிகளில் பெரும்பாலும் அடைபட்ட பிரீதர்தான் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) காரணம். சூடான ஹவுசிங் தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகே டிஃபரன்ஷியல். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் இன்னொன்று என்று தெளிவாக மாறினால் பினியன் பக்கம் சந்தேகப்படலாம். முன்பு யாராவது பினியன் சீல் மாற்றியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. உள்ளே நசுங்கும் ஸ்லீவ் உண்டு. பழைய நட்டை முன்பிருந்த இடத்தைத் தாண்டி முறுக்கினால் பேரிங்கின் முன்சுமை எகிறி, சில ஆயிரம் கிலோமீட்டரில் உறுமத் தொடங்கும்.

வளைவில் மட்டும் மாறும் உறுமல் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கச் சக்கரம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி).